வரிசையில் நிற்காத யூதாஸ்

"அவரைக் காட்டிக் கொடுத்தால் எனக்கு என்ன தருவீர்கள்?"

ரொட்டிக் கடையின் உள்ளறையிலிருந்து இப்படி ஒரு குரல் வந்தால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? ரொட்டி வாங்க வந்த புது ஆள் ஒருவர், வாங்கிய ரொட்டியைக்கூட மறந்து வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"பயப்படாதீங்க," என்று அவரை நிறுத்தினார் அம்மா. "எங்க வீட்டுக்காரர்தான். மாவு பிசையும்போது வசனம் பேசலைன்னா அவருக்குக் கை ஓடாது."

உள்ளே, மர மேஜைக்கு முன்னால் அப்பா நின்றிருந்தார். முழங்கை வரை மாவு. மாவுருண்டையைத் தூக்கி மேஜைமேல் தொப்பென்று அறைவார், ஒரு வசனம் சொல்வார். மடித்துத் திருப்பி மறுபடி அறைவார், அடுத்த வசனம் சொல்வார். பக்கத்தில் ஒரு மாவு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, அவர் மறந்த வார்த்தைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் கடுகு.

"கெஞ்சுற மாதிரி கேக்கக் கூடாதுப்பா. மெதுவா, ரகசியமா கேக்கணும்."

"இந்த அடுப்புச் சத்தத்துல ரகசியமா பேசினா எனக்கே கேக்காதே."

கடுகு என்பது அவர்களுடைய மகளின் செல்லப் பெயர். ஆள் சின்னவள், வாய் பெரியது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று யாரோ சொல்லப்போக, அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒவ்வொரு வருடமும் பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் தேவாலய மண்டபத்தில் ஒரு நாடகம் போடுவார்கள். இயேசுவைப் பிடித்து, விசாரித்து, சிலுவையில் அறைந்த கதை. நடிப்பவர்கள் எல்லாம் அந்தத் தெருக்காரர்கள்தான். சைக்கிள் கடை மாமா இயேசு. ஒல்லியாக, அமைதியாக இருப்பார். பேங்க் மேனேஜர், தீர்ப்பு சொல்லும் ஆளுநர் பிலாத்து. மீன் கடைக்காரர் பேதுரு. "பேதுரு மீன் பிடிச்சவர், நான் மீன் விக்கிறவன். நாங்க ரெண்டு பேரும் சொந்தக்காரங்க மாதிரி," என்று சொல்லி, அந்த வேஷத்தை வேறு யாருக்கும் விட்டுத் தரமாட்டார்.

கடுகின் அப்பா யூதாஸ். இயேசுவோடு கூடவே நடந்து, கூடவே சாப்பிட்டு, கடைசியில் வெள்ளிக் காசுக்காக அவரைச் சிப்பாய்களிடம் பிடித்துக் கொடுத்தவன்.

அப்பா அதை ரொம்ப நன்றாக நடிப்பார். அதுதான் தொல்லையே. அவர் காசுப் பையைக் குலுக்கிப் பார்க்கும்போது உள்ளே இருப்பது சோடா மூடிகள் என்று யாருக்கும் ஞாபகம் வராது. மண்டபமே பல்லைக் கடிக்கும். நாடகம் முடிந்து ஒரு வாரத்துக்கு ரொட்டி வியாபாரம் பாதியாகப் படுத்துவிடும். தெருவில் சின்னப் பிள்ளைகள் அவரைக் கண்டால் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

"ஊர்ல இவ்வளவு நல்ல வேஷம் இருக்கு. உங்களுக்கு இதுதானா கிடைச்சுது?" என்று அம்மா வருடா வருடம் கேட்பார்.

"யாராவது ஒருத்தர் பண்ணணுமே," என்று அப்பா வருடா வருடம் சொல்வார்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. நாடகம் முடிந்ததும் நடித்தவர்கள் எல்லோரும் மேடையில் வரிசையாக வந்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் கைதட்டல் கிடைக்கும். தப்பான தீர்ப்புச் சொன்ன பிலாத்துவுக்குக்கூடத் தட்டுவார்கள். சாட்டை சுழற்றிய சிப்பாய்களுக்கும் உண்டு. யூதாஸ் மட்டும் வரமாட்டார். யூதாஸ் வரிசையில் நிற்பதில்லை. பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கிக் கடைக்குப் போய்விடுவார்.

இதெல்லாம் கடுகுக்கு இதுவரை ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. ஆனால் இந்த வருடம் அவள் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். புது வகுப்பு, புது சிநேகிதிகள். அந்த வகுப்பையே நாடகத்துக்குக் கூட்டிப்போகப் போவதாக டீச்சர் சொல்லிவிட்டார்.

"உங்க தெருவுல நடக்குற நாடகம்தானே? உங்க வீட்டுலேர்ந்து யாராவது நடிக்கிறாங்களா?" என்று கேட்டாள் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி. அவளுக்கு வகுப்பில் கேள்வி மூட்டை என்று பெயர். மூட்டை அவிழ்ந்தால் லேசில் மூடாது.

"அப்பா நடிக்கிறார்."

"என்ன வேஷம்?"

கடுகு வாயைத் திறந்தாள். முன் பெஞ்சில் இருந்த நெட்டைப் பெண் கொக்கு, கழுத்தை வளைத்துத் திரும்பிப் பார்த்தாள். வகுப்பில் கொக்கு சொன்னதுதான் சட்டம். அவளுக்குப் பிடித்தவர்கள்தான் இடைவேளையில் அவளோடு விளையாட முடியும்.

"கூட்டத்துல நிக்கிறவங்கள்ல ஒருத்தர்," என்றாள் கடுகு.

"கூட்டமா?" என்று கொக்கு கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள். "எங்க அண்ணன் போன வருஷம் பாத்தான். அந்த யூதாஸைப் பாத்தா அடிக்கணும் போல இருக்குமாம். மூஞ்சியே திருட்டு மூஞ்சியாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கடுகும் சிரித்தாள். 

அடுத்த வாரம் ஒரு நாள் அவள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். இடைவேளையில் அவளும் கொக்கும் கேள்வி மூட்டையும் கேட் பக்கம் விளையாடிக்கொண்டிருந்தபோது, அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். நாடகத்துக்காக வளர்த்த தாடி. அதில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாக மாவு. கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். கேட்டுக்கு வெளியே நின்று, கடுகைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

கொக்கு அப்படியே நின்றுவிட்டாள். "ஏய், அந்தத் தாடியைப் பாரு. அண்ணன் சொன்ன ஆள் இவர்தான். ரொட்டிக்கடை யூதாஸ்."

"உன்னைப் பாத்துத்தானே கை ஆட்டுறாரு?" என்றாள் கேள்வி மூட்டை. "உனக்குத் தெரிஞ்சவரா?"

"இல்லையே," என்றாள் கடுகு.

"உன்னையேதான் பாக்குறாரு."

"அவரை எனக்குத் தெரியாதுன்னு சொல்றேன்ல?"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். கேட் அப்படி ஒன்றும் தூரத்தில் இல்லை.

அப்பாவின் கை இறங்கியது. அவர் கடுகின் பக்கம் மறுபடி பார்க்கவில்லை. கேட்டில் இருந்த காவலாளியிடம் டப்பாவை நீட்டி, "கடையிலேர்ந்து குடுத்துவிட்டாங்க. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைக்கு," என்றார், யாரோ ஒரு கடைப் பையன் பேசுவதுபோல. பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அவள் சொன்ன பொய்க்கு அப்பா துணைக்கு வந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது கடுகுக்கு. டப்பாவில் அவளுக்குப் பிடித்த இனிப்பு பன் இருந்தது. அவளால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை.

அன்று சாயங்காலம் மண்டபத்தில் ஒத்திகை. கடுகு வழக்கம்போல முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா உள்ளே வந்தார். மண்டபத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அப்பாவின் முகம் மழமழவென்று இருந்தது. தாடி இல்லை.

"என்னங்க இது?" என்று பதறினார் பாட்டு வாத்தியார். நாடகத்தை நடத்துபவர் அவர்தான். "இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. யூதாஸ் இப்படி மாப்பிள்ளை மாதிரி வந்து நின்னா எப்படி?"

"இந்த வருஷம் வேற யாரையாவது பாருங்க, வாத்தியாரே. கடையில வேலை அதிகம். சிலுவை பிடிக்க வேணும்னா வர்றேன்."

சிலுவை பிடிப்பது மேடைக்குப் பின்னால் நடக்கும் வேலை. சைக்கிள் கடை மாமாவோடு சேர்த்துச் சிலுவையைத் தூக்கி நிறுத்தியதும், அது சாயாமல் திரைக்குப் பின்னாலிருந்து ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தினமும் மாவு பிசைகிற கைக்குத்தான் அந்தப் பலம் உண்டு. அதனால் அதுவும் எப்போதும் அப்பாவின் வேலைதான்.

பாட்டு வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்.

"நீங்க பண்றீங்களா?" என்று தையல்காரரைக் கேட்டார்.

"நான் யூதாஸா நடிச்சா யாராவது என்னை நம்பித் துணி குடுப்பாங்களா? மிச்சத் துணியை அமுக்கிட்டான்னு சொல்வாங்க. இப்பவே பாதிப் பேரு சொல்றாங்க."

"மேனேஜர் சார்?"

"பேங்க்ல உக்காந்துகிட்டுக் காசுப் பையைக் குலுக்கினா நல்லாவா இருக்கும்?"

கூட்டத்தில் நிற்கும் ஒருவர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டார். "வேண்டாங்க. மாமியார் வீட்டுல ஏற்கெனவே என்னை அப்படித்தான் கூப்பிடுறாங்க."

"சரி, அப்புறம் பாத்துக்கலாம்," என்று பெருமூச்சு விட்டார் வாத்தியார். "பேதுரு காட்சியை முதல்ல எடுப்போம்."

இயேசுவைப் பிடித்துக்கொண்டு போய் விசாரிக்கிறார்கள். வெளியே முற்றத்தில் பேதுரு குளிர் காய்ந்துகொண்டிருக்கிறான். இயேசுவின் உயிர் நண்பன். தன்னையும் பிடித்துவிடுவார்களோ என்று பயம். சிவப்புக் காகிதம் சுற்றிய பல்புதான் நெருப்பு. அதன் எதிரே மீன் கடைக்காரர் கைகளை நீட்டி உட்கார்ந்தார். வேலைக்காரப் பெண்ணாக நடிக்கும் மருந்துக்கடை அக்கா அருகில் வந்தார்.

"உன்னை அவரோடு பார்த்திருக்கிறேனே. நீ அவருடைய ஆள்தானே?"

"இல்லையே," என்றார் மீன் கடைக்காரர்.

"நன்றாகப் பார்த்துச் சொல். அவரை உனக்குத் தெரியாதா?"

"அவரை எனக்குத் தெரியாது என்று சொல்கிறேன் அல்லவா?"

கடுகு பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போன வருடமும் இதே வசனம்தான். அப்போது அது மீன் கடைக்காரருடைய வசனமாக இருந்தது.

சேவல் கூவுவதற்குள் என்னைத் தெரியாது என்பாய் என்று இயேசு பேதுருவிடம் முன்பே சொல்லியிருந்தார். அந்த நேரம் சேவல் கூவ வேண்டும். திரைக்குப் பின்னால் தையல்காரர் கூவினார். சளி பிடித்த ஆடு கத்தியதுபோல இருந்தது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. ஆனால் முன் பெஞ்சிலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. கடுகு முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

மீன் கடைக்காரர் எழுந்து நின்றார். மார்பு விரிந்தது. "பாத்தீங்களா, வாத்தியாரே? என் நடிப்பைப் பாத்துப் பிள்ளை அழுதுட்டா. தாடி மீசை கூட வைக்கலை. வெறும் குரல்லயே."

கடுகு எழுந்து வெளியே ஓடினாள். அப்பா பின்னாலேயே வந்தார். மண்டபத்தின் படிக்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.  மாவு பொங்குவதற்குக் காத்திருந்து பழகியவர், பிள்ளைக்குக் காத்திருக்கமாட்டாரா?

"அப்பா, கேட்ல நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்மேல கோவமா?"

"கோவம் இல்ல, கண்ணு. கொஞ்சம் வலிச்சுது. அப்புறம் சைக்கிள் மிதிக்கும்போது யோசிச்சேன். புதுப் பள்ளிக்கூடம். என்னால நீ ஏன் பேச்சு வாங்கணும்? கடை வியாபாரம் போனா மறு வாரம் வந்துடும். உன் சிநேகிதிங்க போனா?"

"அதுக்காகவா தாடியை எடுத்தீங்க?"

அப்பா தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஆமா. இப்ப குளிருது."

கடுகுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ஏம்ப்பா முதல்ல இந்த வேஷத்துக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"முதல் வருஷம் நான் ரொட்டி கொண்டுவந்து குடுக்கத்தான் வந்தேன். இயேசுவோட கடைசி விருந்துக் காட்சிக்கு. மேஜையில எல்லாரும் உக்காந்துட்டாங்க. யூதாஸோட நாற்காலி மட்டும் காலி. யாரும் உக்காரமாட்டேன்னுட்டாங்க. அவனும் அன்னைக்கு அதே ரொட்டியைப் பிட்டுச் சாப்பிட்டவன்தானே? சாப்பாட்டு மேஜையில ஒரு இடம் காலியா இருந்தா எனக்குப் பொறுக்காது. போய் உக்காந்துட்டேன்."

கடுகு அப்பாவைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற முகம்தான். ஆனாலும் இப்போதுதான் சரியாகப் பார்ப்பது போலிருந்தது.

"நீங்கதாம்ப்பா நடிக்கணும். உங்களை மாதிரி வேற யாராலயும் முடியாது. நான் அவங்க கிட்ட உண்மையைச் சொல்லிடுறேன்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு."

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "அப்ப தாடிக்கு என்ன பண்றது?"

தாடிக்கு வாத்தியார் வழி கண்டுபிடித்தார். கறுப்புக் கம்பளி நூலைப் பிரித்துப் பசை போட்டு ஒட்டலாம் என்றார். பசையை அப்பாவே மாவில் காய்ச்சிக்கொண்டு வந்தார்.

ஆனால் சொல்வது சுலபம், செய்வதுதான் கஷ்டம். மறுநாள் பள்ளிக்கூடத்தில் கடுகு, கொக்கின் பக்கத்தில் போய் நின்றாள். வாயைத் திறந்து, வீட்டுப் பாடத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சாப்பாட்டு நேரம் போயிற்று. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளையும் போயிற்று. வாயாடி என்று பெயர் எடுத்தவளுக்கு இந்த ஒரு வரி வரவில்லை.

அப்பா அவளிடம் "சொல்லிட்டியா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மாவை அறைந்தார், வசனம் பேசினார், பன்களைத் தட்டில் அடுக்கினார். அவர் கேட்காதது அவளை இன்னும் படுத்தியது.

நாடக நாள் வந்துவிட்டது. மண்டபம் நிரம்பி வழிந்தது. நடு வரிசையில் கடுகின் வகுப்பு. அவளுக்கு ஒரு பக்கம் கொக்கு, இன்னொரு பக்கம் கேள்வி மூட்டை. பின்னால் டீச்சர்.

திரை விலகியது. கம்பளித் தாடியோடு அப்பா மேடைக்கு வந்தார். காசுப் பையை வாங்கினார். குலுக்கவில்லை. இந்த வருடம் காதருகே வைத்து மெதுவாக அசைத்துக் கேட்டார். மண்டபத்தில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். முன் வரிசையில் ஒரு சின்னப் பயல் எழுந்து நின்று, "போடா," என்று கத்தினான். அவன் அம்மா அவனைப் பிடித்து உட்கார வைத்தார்.

தோட்டத்துக் காட்சியில், அப்பா சைக்கிள் கடை மாமாவின் அருகில் வந்து கன்னத்தில் முத்தமிட்டார். இவர்தான் ஆள் என்று சிப்பாய்களுக்குக் காட்டும் அடையாளம் அது. கொக்கு பல்லைக் கடித்தாள். "திருட்டு மூஞ்சி," என்றாள்.

விசாரணை நடந்தது. இவரிடம் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லையே என்றான் பிலாத்து. கூட்டம் விடவில்லை. சிலுவையில் அறை, சிலுவையில் அறை என்று கத்தியது. மேனேஜர் ஒரு கிண்ணத்தில் கையைக் கழுவி, எனக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லி, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

அப்போது யூதாஸ் மறுபடி வந்தான். தீர்ப்பைக் கேள்விப்பட்டு ஓடி வருகிறான். காசுப் பையை, அதைத் தந்த கோயில் ஆசாரியர்களிடமே நீட்டுகிறான். "வாங்கிக்கொள்ளுங்கள். அவரை விட்டுவிடுங்கள். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு செய்தவன் நான்." அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பை கீழே விழுகிறது. சோடா மூடிகள் மேடை முழுக்க உருள்கின்றன. அவன் அவற்றைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

அப்பாவின் தாடி ஒரு பக்கம் கொஞ்சம் பிரிந்து தொங்கியது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கடுகு பக்கத்தில் பார்த்தாள். கொக்கு இப்போது பல்லைக் கடிக்கவில்லை. கண் சிவந்திருந்தது.

கடைசியில் சிலுவை எழுந்தது. சைக்கிள் கடை மாமா தலையைச் சாய்த்தார். தன்னை அறைந்தவர்களையும் மன்னித்துவிடும்படி வேண்டிக்கொண்டார். சிலுவை இம்மிகூட அசையவில்லை. திரைக்குப் பின்னால் யாருடைய கை அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அந்த மண்டபத்தில் கடுகைப்போல நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. விளக்குகள் அணைந்தன. 

மறுபடி விளக்கு எரிந்தபோது எல்லோரும் வரிசையாக மேடையில் நின்றார்கள். கைதட்டல் காதைப் பிளந்தது. பாட்டு வாத்தியார் ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். மீன் கடைக்காரர் தனக்குக் கிடைத்த கைதட்டல் முடிந்த பிறகும் குனிந்து கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மேடை ஓரத்துத் திரை லேசாக அசைந்தது. அப்பா தோளில் ஒரு துண்டோடு குனிந்தபடி பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போவதைக் கடுகு பார்த்தாள்.

அவள் எழுந்தாள். "எங்க போற?" என்றாள் கேள்வி மூட்டை.  கடுகு முழங்கால்களை இடித்துக்கொண்டு, ஒரு காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டு, வரிசையை விட்டு வெளியே வந்து ஓடினாள்.

வெளியே குழாயடியில் அப்பா தாடியை நனைத்துப் பிய்த்துக்கொண்டிருந்தார். மாவுப் பசை நன்றாகவே பிடித்திருந்தது.

"வாங்கப்பா. எல்லாரும் மேடையில நிக்கிறாங்க."

"யூதாஸ் வரிசையில நிக்கிறதில்ல, கண்ணு. அது வழக்கம்."

"யார் வச்ச வழக்கம்?"

அப்பா யோசித்தார். "தெரியலையே. நான் வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு."

"ஒரு இடம் காலியா இருந்தா உங்களுக்குப் பொறுக்காதுன்னு சொன்னீங்க. எனக்கும் பொறுக்கலைப்பா."

அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். மாவு மூட்டையைத் தோளில் சுமக்கிற மனிதர். அவள் இழுத்த இழுப்புக்கு வந்தார்.

பக்கவாட்டுக் கதவு வழியாகப் போகவில்லை கடுகு. முன் வாசல் வழியாக, மண்டபத்தின் நடுப் பாதையில் அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். கைதட்டல் நின்றது. பின் வரிசையில் ஒருவர், "இவர் ஏன் இங்க வர்றாரு?" என்றார். முன் வரிசைப் பயல் நாற்காலிமேல் ஏறி நின்றான்.

வகுப்புப் பிள்ளைகள் இருந்த வரிசைக்கு வந்ததும் கடுகின் கால் தானாக நின்றது. கொக்கு அவளையும் பார்த்தாள், அவள் பிடித்திருந்த கையையும் பார்த்தாள்.

"இவர் எங்க அப்பா," என்றாள் கடுகு.

குரல் சரியாக வரவில்லை. "என்ன சொன்ன?" என்றாள் கேள்வி மூட்டை.

"இவர் எங்க அப்பா. அன்னைக்கு கேட்ல நான் பொய் சொன்னேன். பயந்துட்டேன். இவர்தான் எங்க அப்பா."

இந்தத் தடவை பின் வரிசை வரைக்கும் கேட்டது.  கொக்கு கழுத்தைக் கீழே இறக்கி, அப்பாவின் முகத்தில் மிச்சமிருந்த ஒரு பக்கத் தாடியையே பார்த்தாள்.

"நீங்க அந்தக் காசைப் பாத்துக்கிட்டே நின்னீங்கல்ல," என்றாள் கடைசியில். "எனக்கு அழுகை வந்துடுச்சு அங்கிள்."

அப்பாவின் காது இரண்டும் சிவந்துவிட்டது.

மேடையிலிருந்து சைக்கிள் கடை மாமா பேசினார். நாடகத்தில்கூட அதிகம் பேசாதவர். "சிலுவையைப் பின்னாலேர்ந்து விழாம பிடிச்சுக்கிட்டிருந்தது அவர்தாங்க. வருஷா வருஷம் அவரை நம்பித்தான் நான் ஏறுறேன்." சொல்லிவிட்டு ஒரு பக்கமாக நகர்ந்தார். அவருக்கும் மீன் கடைக்காரருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் வந்தது. "இங்க வந்து நில்லுங்க."

மீன் கடைக்காரரும் தன் பங்குக்கு ஒரு அடி நகர்ந்தார். "பேதுருவும் ஒண்ணும் பெரிய யோக்கியன் இல்லீங்க," என்றார். மண்டபம் சிரித்தது. சிரிப்பு கைதட்டலாக மாறியது. கொக்கு நின்றுகொண்டு தட்டினாள்.

அப்பா மேடையேறி அந்த இடத்தில் போய் நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் துண்டைப் பிடித்துக்கொண்டார். அவரோடு மேடையேறிய கடுகு அவருடைய இன்னொரு கையை விடவில்லை. முன் வரிசைப் பயல் மேடை வரை வந்து, நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"இனிமே காட்டிக் குடுக்கமாட்டீங்கல்ல?"

"அடுத்த வருஷம் வரைக்கும் மாட்டேன்," என்றார் அப்பா.

படம் பிடிக்கிறவர் கேமராவோடு மேடைக்கு முன்னால் வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையைப் பார்த்தார்.

"நாடகத்துல இருந்தவங்க மட்டும் நில்லுங்க. மத்தவங்க கொஞ்சம் தள்ளிக்குங்க. பாப்பா, நீ யாரு? உனக்கு என்ன வேஷம்?"

கடுகு தள்ளிக்கொள்ளவில்லை. அப்பாவின் பக்கத்தில் இன்னும் நெருங்கி, நிமிர்ந்து நின்றாள்.

"எனக்கு வேஷம் எதுவும் இல்ல. நான் யூதாஸோட பொண்ணு."

படம் பிடிக்கிறவர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு எல்லோரும் படத்துக்குள் வரும்படி ஓர் அடி பின்னால் தள்ளிப் போய் நின்றார்.